அபுல் ஹஸன் சேரின் ஒன்பது விரல்

கல்முனையில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்னத் தனியார் வைத்தியசாலையில் ஸாலிஹா பில் எழுதிக்கொண்டிருந்தாள். சுனாமி அடித்த அடுத்த வருடம் சேர்ந்த வேலை. ஐந்து வருடமாக அந்தக் கவுண்டரில் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. விரலில் ஒப்பரேசன் என்றால் 'விரல் ஒப்பரேசன்' என்று எழுதுவாள், கட்டி எடுத்தால் 'கட்டி எடுத்தது' என்று எழுதுவாள். வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் போனதும் கொழும்பிலிருந்து காப்புறுதிக் கம்பனிகள் ஒவ்வொன்றாகக் கிழக்குக்கு இறங்கின. அதில் ஒன்று ஆசிரியர்களின் சங்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியருக்கு ஒப்பரேசன் செய்தால் செலவைக் கம்பனி கொடுக்கும். ஆனால் படிவத்தில் வசனம் எழுதக்கூடாது, இலக்கம்தான் எழுத வேண்டும். அதற்கென்று செங்கல் தடிப்பில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் நாலு இலக்கம். கைக்கு மட்டும் பதினொரு பக்கம். முள் ஏறினால் ஒன்று, கீறி எடுத்தால் வேறொன்று, கீறாமல் இழுத்தெடுத்தால் இன்னொன்று. பனியில் சறுக்கி விழுந்து பிசகிய பெருவிரலுக்குக்கூட இலக்கம் இருந்தது. கெளுத்தி முள்ளுக்கு இல்லை. கடலுக்குப் போகிறவர்கள் கையில் கெளுத்தி குத்தி வாரத்துக்கு மூன்று பேராவது வருகிற ஊரில் இப்படி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஸாலிஹா முதல் கிழமை முழுக்கப் புலம்பினாள். பிறகு பழகிக்கொண்டாள். வரி மாறிவிடக்கூடாதென்று தேடுகிற சொல்லின் கீழே, கோடு இழுக்கிற ஒரு மர அடிமட்டத்தை வைப்பாள். அதன் மேல் விரலை ஓட்டி இலக்கத்தைப் பிடித்து, படிவத்தில் எழுதி, ஒரு தடவை ஊதிவிடுவாள். மை காய்வதற்காக ஊதுவதாகச் சொன்னாலும் அவள் எழுதியது போல்பொயின்ட் பேனையால்தான்.

கை ஒப்பரேசன் செய்யும் டொக்டர் நல்லரெத்தினம் சனிக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து வருவார். கத்தி பிடித்தால் பொற்கொல்லன் கை. பேனை பிடித்தால் கோழி கிளறின முற்றம். அவர் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஸாலிஹா என்பதால் வைத்தியசாலையின் மனேஜர் றிஷாட் அவளை லீவு எடுக்கவே விடமாட்டான்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் நிந்தவூரிலிருந்து அபுல் ஹஸன் சேர் வந்தார்.

கணிதம் படிப்பிப்பவர். அதைவிடப் பெரிய புகழ் அவருக்குக் கிரிக்கெட் அம்பயர் என்பதில். சண்டைக் காலம் போய், பாலமுனை முதல் மருதமுனை வரை ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று கழகங்கள் முளைத்து, மாதத்துக்கு ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. அத்தனைக்கும் அவர்தான் அம்பயர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தீர்ப்பையும் மாற்றாதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு வலது கை ஆட்காட்டி விரல் இறுகிப்போனது. மடங்கினால் நிமிராது. அவுட் கொடுக்கக் கையைத் தூக்குவார், விரல் உள்ளேயே கிடக்கும். அடிக்கிறவனுக்குக் குத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். மற்றக் கையால் விரலைப் பிடித்து இழுத்தால்தான் 'டக்' என்று நிமிரும். அது நிமிரும்வரை அடிக்கிறவனும் போகாமல் நம்பிக்கையோடு நிற்பான். இப்படியே ஒரு நாள் ஒருவன், "சேர், இழுத்துத் தூக்கின விரல் செல்லாது" என்று சட்டம் பேசியபிறகுதான் அவர் வைத்தியசாலைக்கு வந்தார்.

டொக்டர் மரக்கச் செய்து, உள்ளங்கையில் அரை அங்குலம் கீறி, விரலின் தசைநாரை இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தை வெட்டிவிட்டு மூன்று தையல் போட்டார். பத்து நிமிட வேலை. சேர் விரலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி, தியேட்டர் வாசலிலேயே இரண்டு தாதிமாரை அவுட் ஆக்கினார்.

பிறகு நடந்தது ஸாலிஹாவின் கவுண்டரில். புத்தகத்தின் அட்டவணையில், இறுகிய விரலுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ட்ரிகர் ஃபிங்கர்' என்ற வரியைத் தேடி அடிமட்டத்தை வைத்தாள். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. எட்டி எடுத்தாள். யாரோ பல் டொக்டரைக் கேட்டார்கள், இங்கே பல் டொக்டர் இல்லை என்று வைத்தாள். திரும்பி, அடிமட்டத்தின் மேலிருந்த இலக்கத்தை எழுதி ஊதினாள். முழங்கை பட்டு அடிமட்டம் ஒரு வரி மேலே ஏறியிருந்ததை அவள் காணவில்லை. அந்த மேல்வரி, விபத்தில் விரல் துண்டாகிப்போவதற்குரிய வரி. படிவத்தில் இருப்பது நாலே நாலு இலக்கம். அதைப் பார்த்து இது விரலைத் திறந்ததா எடுத்ததா என்று யாருக்குத் தெரியும்? டொக்டர் வழமைபோல இருபது படிவங்களை அடுக்கிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை அது கொழும்புக்குப் போனது.

இருபத்தேழு நாள் கழித்து ஒரு காலைநேரம் கவுண்டரின் மேல் ஒரு கை வந்து விழுந்தது.

"புள்ள, இதில எத்தின விரல் இரிக்கு?"

ஸாலிஹா நிமிர்ந்தாள். அபுல் ஹஸன் சேர். முகம் பழுத்த மிளகாய் போல இருந்தது.

"அஞ்சு சேர்."

"வடிவா எண்ணிச் சொல்லுங்க."

"அஞ்சுதான் சேர். ஏன், மறுகாவும் இறுகுதா?"

"எனக்கு அஞ்சு தெரியிது, உங்களுக்கு அஞ்சு தெரியிது. அப்ப கொழும்பில இரிக்கிறவனுக்கு மட்டும் எப்பிடி நாலு தெரியிது?" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

தமிழில்தான் இருந்தது. 'தங்களது வலது கை ஆட்காட்டி விரலின் இழப்பையிட்டு எமது ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம். இழப்பீடு பரிசீலனையில் உள்ளது. பிரதி: கல்வி அலுவலகம்.'

அந்தப் பிரதிதான் எல்லாக் கூத்துக்கும் காரணம். கல்வி அலுவலகம் அதிபருக்கு எழுதியது: வைத்திய விசாரணை முடியும்வரை இவர் கரும்பலகையில் எழுதக்கூடாது. அதிபர் கடிதத்துக்குப் பயந்த மனிதர். சேரின் விரலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "விரல் இரிக்கி சேர், நான் இல்லெண்டு சொல்லல்ல, ஆனா கடிதத்தில இல்லையே" என்று அவரை நூலகத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டார்.

ஸாலிஹா தன் பிரதிக் கோப்பை எடுத்தாள். புத்தகத்தைத் திறந்தாள். இலக்கத்தைப் பார்த்தாள். டொக்டரின் துண்டையும் தேடியெடுத்தாள். வழமையாகக் கோழி கிளறுகிற டொக்டர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பெரிய எழுத்தில், பிள்ளைகூட வாசிக்கிற மாதிரி 'ட்ரிகர் ஃபிங்கர்' என்று எழுதியிருந்தார்.

"இது என்ட பிழைதான் சேர்," என்றாள்.

அபுல் ஹஸன் சேர் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர். இப்படி முதல் பந்திலேயே ஆள் தானே அவுட் என்று நடந்துபோகும் என்று எதிர்பார்க்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "அப்ப சரியாக்குங்க," என்று சொல்லிவிட்டு, "தேத்தண்ணி இரிக்கா?" என்று கேட்டார்.

சரியாக்குவது அவ்வளவு லேசாக இல்லை. ஸாலிஹா கம்பனிக்கு மூன்று நாள் டெலிபோன் எடுத்தாள். நாலாம் நாள் பேசக் கிடைத்த பெண்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அவளுடைய கொம்பியூட்டர் நல்ல கொம்பியூட்டர் இல்லை. போன விரல் போனதுதான், அழிக்க ஏலாது, வேண்டுமானால் விரல் திரும்பி வந்ததற்கு ஓர் இலக்கம் அனுப்புங்கள் என்றாள். விரல் திரும்பி வருவதற்குப் புத்தகத்தில் ஒரே ஒரு வழி இருந்தது: வெட்டுண்ட விரலை மறுபடி பொருத்துதல்.

சனிக்கிழமை டொக்டரிடம் கேட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு மாசம் கழிச்சு விரல ஒட்டினன் எண்டு எழுதினா, பிள்ளை, என்னை லண்டனுக்குக் கூப்பிட்டு மாலை போடுவாங்க. பிறகு எப்பிடி ஒட்டின எண்டு கேப்பாங்க." சிரிப்பு அடங்கியதும், நோயாளிக்குப் பத்து விரலும் சுகமாக உள்ளன என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பனி அதைத் திருப்பி அனுப்பியது. கையெழுத்து வாசிக்க முடியவில்லையாம்.

இதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சுகம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே சேரின் மனைவி ஹுஸ்னியாவுக்குக் கை ஓய்ந்துபோனது. வந்தவர்கள் சும்மா வரவில்லை. முட்டையும் பழமும் கொண்டு வந்தார்கள். சேர் கையை விரித்துக் காட்டுவார். அவர்கள் கிட்ட வந்து பார்ப்பார்கள். ஹவ்வா உம்மா என்று ஒரு கிழவி, விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுபஹானல்லாஹ், என்ன மாதிரிச் செஞ்சிரிக்கானுகள்! நகமெல்லாம் வெச்சிரிக்கான்!" என்றாள். சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் வந்து பொய்க்கால் பூட்டிக்கொடுத்ததை அவள் கண்டிருக்கிறாள். பொய் விரல்தானா என்று சோதிக்க ஒரு கிள்ளும் கிள்ளினாள். சேர் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுச் சேவல் ஓட்டில் ஏறியது. "உணர்ச்சியும் வெச்சிரிக்கான்," என்றாள் ஹவ்வா உம்மா.

மச்சான் முறையான ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, விரலும் இருக்கிறது, இழப்பீடும் வரப்போகிறது, வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று புத்தி சொன்னார். அவரை சேர் படலைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஆனால் கொண்டுவந்த முட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஹுஸ்னியா பிறகு ஸாலிஹாவிடம் சொன்னாள்.

ஸாலிஹாவுக்குத்தான் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிக்க ஏலாமல் இருந்தது. ஏனென்றால் அவளும் ஒரு காலம் கடதாசியில் இல்லாமல் போனவள். கடல் வந்தபிறகு முகாமில் பெயர் பதிந்தபோது, ஒரே தெருவில் இருந்த இரண்டு ஸாலிஹாக்களை யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். இவள் காணாமல் போனோர் பட்டியலில் நாலு மாதம் இருந்தாள். நிவாரண வரிசையில் நின்றால், "தங்கச்சி, நீங்க இதில இல்லையே" என்பார்கள். உயிரோடு இருப்பதாக இரண்டு சாட்சி வைத்துக் கடிதம் எடுத்தாள். அதையாவது சொல்லிச் சிரிக்கலாம். மற்றதைச் சொல்ல முடியாது. அந்த மற்ற ஸாலிஹாவின் தாய், பட்டியலில் மகள் உயிரோடு இருப்பதாகக் கண்டு, மூன்று நாள் முகாம் முகாமாக நடந்து தேடினாள். கடைசியில் வந்து சேர்ந்தது இவளிடம். கூடார வாசலில் நின்று இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பட்டியல் எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. பிழை என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

ஸாலிஹா மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அகராதியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சோற்றை மற்றக் கையால் அளைந்துகொண்டு. ஒன்பதாம் நாள், கடைசி அட்டைக்கு முந்திய பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் அதைக் கண்டாள். வைத்தியசாலை தன் பிழையால் அனுப்பிய படிவத்தை அறுபது நாளுக்குள் திருப்பிப் பெறலாம். அதற்கு மூன்று நிபந்தனை. பிழை விட்டவரின் பெயரும் பதவியும் எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டும். கம்பனி அதிகாரி ஒருவர் சம்பந்தப்பட்ட உறுப்பை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். விரல்விட்டு எண்ணினாள். இன்னும் பத்து நாள் இருந்தது.

பிழையைத் திருத்த அவள் எழுதிய படிவத்தை றிஷாட் வாங்கிப் பார்த்தான். "உங்கட பேர ஏன் போட்டிங்க ராத்தா? டொக்டர்ர எழுத்து விளங்கல்ல எண்டு எழுதினா முடிஞ்சிது. அவர்ர எழுத்து உலகத்துக்கே தெரியும்."

"இந்த ஒரு துண்டு மட்டும் விளங்குது தம்பி."

"ஆர் பாக்கப் போறா?"

"நான் பாத்திட்டன்."

"முதலாளி கேட்டா நான் உங்களக் காப்பாத்த ஏலா. சொல்லிப்போட்டன்."

ஸாலிஹா படிவத்தைத் திருப்பி வாங்கி, காரணம் என்ற இடத்தில், 'அடிமட்டம் அசைந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் முழுப் பெயரோடு கையெழுத்தும் போட்டாள். அன்று ஊத மறந்துபோனாள்.

கம்பனி ஆள் அனுப்புவதாகச் சொன்னது. அனுப்பியது அறுபதாவது நாள். அது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் பாலமுனைக்கும் நிந்தவூருக்கும் இறுதிப் போட்டி.

திலகசிறி என்று ஓர் அதிகாரி, அம்பாறை வழியாக வேனில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். இந்தக் கரைக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். முன்பெல்லாம் வரப் பயம் என்றார். நாலு மணிக்கு வேன் திரும்பிவிடும், அதற்குள் விரலைக் காட்டுங்கள் என்றார். வேன்காரன் சாப்பிடப் போய்விட்டதால் ஸாலிஹா அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது மூன்று மணி. இரண்டாவது பாதி தொடங்கியிருந்தது. நடுவில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அபுல் ஹஸன் சேர், இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

கழகச் செயலாளரைப் பிடித்து, விசயத்தைச் சொல்லி அனுப்பினாள். ஓவர் முடிந்ததும் அவர் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு ஓடிவந்தார்.

"ஏலாதாம்."

"என்ன ஏலாதாம்? ஒருக்காக் கையத் தூக்கிக் காட்டினாப் போதுமே!"

"ஆட்டம் நடக்கக்குள்ள சும்மா விரலத் தூக்கினா ஆர் அவுட் எண்டு கேப்பானாம். ஒருத்தன் அவுட் ஆனாத்தான் தூக்குவாராம். இருக்கச் சொன்னார்."

ஸாலிஹா இதை அதிகாரிக்கு எப்படிச் சொல்வதென்று தடுமாறினாள். ஆனால் திலகசிறிக்கு உடனே விளங்கியது. அவரும் இளமையில் விளையாடியவராம். "அது ஹரி, சரிதான்," என்று சிங்களம் கலந்த தமிழில் சொல்லித் தலையாட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் விரல் பாக்க வேணும், நங்கி. பாத்தா சைன். பாக்காட்டி சைன் இல்ல."

ஸாலிஹாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. யாராவது அவுட் ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும். வாயில் ஓத வந்ததையெல்லாம் ஓதினாள். அல்லாஹ் உதவினான், ஆனால் முறை மாறி உதவினான். மூன்றேகால் மணிக்கு ஒருவனின் குச்சிகள் மூன்றும் பறந்தன. ஸாலிஹா துள்ளி எழும்பினாள். சேர் கையை எடுக்கவே இல்லை. குச்சி விழுந்தால் விரல் தேவையில்லை என்று திலகசிறி விளக்கினார். அடுத்தவன் வானத்துக்கு அடித்துப் பிடிகொடுத்தான். வெட்கத்தில் யாரையும் பார்க்காமல் தானே நடந்து போய்விட்டான். மூன்றாமவன் ஓடும்போது அவுட். அதற்கு விரல் தூக்கியது பக்கத்தில் நின்ற மற்ற அம்பயர். "அந்த விரல் சரிவராதா?" என்று கேட்டாள். திலகசிறி சரிவராது என்றார்.

மூன்றே முக்கால். வேன்காரன் வந்து மைதான ஓரத்தில் ஹோர்ன் அடித்தான். அந்த நேரம் பந்து ஒருவனின் காலில் பட்டது. பதினொரு பேரும் சேரைப் பார்த்துக் கத்தினார்கள். ஊரே கத்தியது. ஸாலிஹாவும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சேரின் வலது கை மெல்லப் பையிலிருந்து வெளியே வந்தது. அவர் எல்லைக்கோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஸாலிஹாவைக் கண்டார், அதிகாரியைக் கண்டார். பிறகு மூக்கைச் சொறிந்துவிட்டுத் தலையை இல்லை என்று ஆட்டினார்.

"இந்த மனிசனுக்கு விரல் இருந்தென்ன இல்லாட்டி என்ன!" என்று ஸாலிஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்ல நங்கி, அவர் சொன்னது ஹரி. பந்து வெளிய போகுது," என்றார் திலகசிறி. அவர் எழும்பி நின்றுவிட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். கோப்பை மூடினார்.

அடுத்த பந்து. தப்பிப் பிழைத்த அந்தப் பொடியன், கண்ணை மூடிக்கொண்டு அடித்தானோ திறந்துகொண்டு அடித்தானோ, பந்து அவர்கள் தலைக்கு மேலால் பறந்து வேனுக்கு அப்பால் போய்த் தென்னைக்குள் விழுந்தது. மைதானம் அதிர்ந்தது. நடுவில் அபுல் ஹஸன் சேர், கொஞ்சமும் அவசரப்படாமல், இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். இரண்டு கையிலும் இரண்டு ஆட்காட்டி விரல்கள், நீல வானத்தில் கொடிக்கம்பம் போல நேராக நின்றன. வழமையை விடக் கூடுதல் நேரம் நின்றன. ஒரு தடவை எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பியும் காட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ரெண்டு பேர் அவுட்!" என்றாள் ஸாலிஹா.

திலகசிறி சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்து வேனின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். 'உறுப்பு நேரில் காணப்பட்டது, அசைவு நன்று' என்று எழுதினார். எத்தனை மணிக்கு, எங்கே என்ற இடத்தில் பதினாறாவது ஓவர் என்று எழுதிவிட்டு, பிறகு வெட்டித் திருத்தினார். வேன்காரன் போகலாம் என்று கத்தியும் அவர் போகவில்லை. கடைசி ஓவர்வரை நின்று, நிந்தவூர் வென்றபிறகுதான் ஏறினார்.

கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய படிவம் செல்லாது, புதிய படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று இரண்டே வரி. கல்வி அலுவலகத்துக்கும் பிரதி போனது. அதிபர் அதை வாசித்துவிட்டுத்தான் சேரின் கையைப் பார்த்து, "ஓம், இப்ப இரிக்கி," என்றாராம். முதலாளி ஸாலிஹாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் ஏசினார். ஏசி முடிந்ததும், இனி இலக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். வாசிக்கிற வேலை றிஷாட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து ஸாலிஹாவுக்கு லீவும் கிடைக்கவில்லை, நிம்மதியும் கிடைக்கவில்லை. அவன் ஆங்கில வரியை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான்.

நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு சனிக்கிழமை அபுல் ஹஸன் சேர் மறுபடி கவுண்டருக்கு வந்தார். கையில் டொக்டரின் துண்டு.

"என்ன சேர், எங்க வந்திங்க?"

"சீனி வருத்தம் உள்ளவங்களுக்கு ஒண்டு விட்டா மத்தது பிடிக்குமாம். இப்ப பெருவிரல்." பெருவிரலை மடக்கிக் காட்டினார். நிமிரவில்லை. மற்றக் கையால் இழுத்தார். டக்.

றிஷாட் புத்தகத்தை எடுக்கப் போனான். சேர் அவனைத் தடுத்துத் தானே எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், அட்டவணையைத் திறந்து வரியைப் பிடித்தார்.

"டெலிபோன் அடிச்சா எடுக்க வேணாம்," என்றார் றிஷாட்டைப் பார்த்து. பிறகு, வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தார்கள். ஸாலிஹா எழுதினாள்.

"இப்ப எழுதினத வாசிங்க புள்ள."

வாசித்தாள்.

"மறுகா ஒருக்கா."